பெரிய ஆஃப்-ரோடு டயர், குறையாத சொகுசு: அளவு, கட்டுமானம், காற்று ஆகியவற்றின் ஒப்பீடு

கரடுமுரடான பாதைக்கென வாங்கிய வாகனத்தில் முதலில் மாற்றத் தோன்றுவது டயர்தான். அந்த எண்ணத்தில் பிழையில்லை. தொழிற்சாலையிலிருந்து பொருத்தி வரும் டயர் பெரும்பாலும் தார்ச்சாலையின் அமைதியையும் எரிபொருள் சிக்கனத்தையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கூரான கல்லில் அதன் பக்கச்சுவர் கிழியும், ஈரக் களிமண்ணில் அதன் பட்டன்களுக்கிடையே (சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கிடையே) மண் அடைத்துக்கொண்டு சக்கரம் வழுக்கும். ஆனால் பெரிய டயரை மாட்டிக்கொண்டு திரும்பும் வழியிலேயே, அதுவரை கவனத்துக்கு வராத சாலை ஒட்டுகளும் சிறு பள்ளங்களும் ஒவ்வொன்றாக இடுப்பில் வந்து இடிப்பதைப் பலர் உணர்கிறார்கள். உடனே டயரின் அளவைக் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அளவு மட்டும் ஒருபோதும் பயணத்தைக் கெடுத்ததில்லை. அந்த அளவு எந்தக் கட்டுமானத்தில், எந்த ரிம்மின் மேல், எவ்வளவு காற்றோடு வருகிறது என்பதுதான் பின்னிருக்கையில் இருப்பவர் தூங்குவாரா, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா என்பதை முடிவு செய்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, வாகனம் குலுங்குவதில் மூன்று வகை உண்டு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாலை நீண்டு ஏறி இறங்கும்போது வாகனத்தின் உடல் முழுவதும் மேலும் கீழும் ஆடுவது முதல் வகை. இது நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு முறை நிகழும் மெதுவான ஆட்டம், இதை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான் தீர்மானிக்கின்றன, டயருக்கு இதில் சிறு பங்கே உண்டு. சரளைக்கல், விரிசல், சாலை ஒட்டு போன்ற கூரான சிறு தடைகள் தரும் அதிர்ச்சி இரண்டாம் வகை. இத்தனை வேகமான, இத்தனை சிறிய அசைவுக்கு ஸ்பிரிங் மசிவதற்குள் தடை கடந்துவிடும் என்பதால், டயர்தான் தன் தசையை மடித்து அந்தக் கல்லை விழுங்க வேண்டும். விழுங்காவிட்டால் அது நேராக இருக்கைக்கு வந்து சேரும். சக்கரமே தன் அச்சில் துடிப்பது மூன்றாம் வகை. ரிம், டயர், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்த கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கிக்கொண்டு, சாதாரணமாக நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை அதிரும். டயரின் கனம் கூடும்போது இந்தத் துடிப்பு வலுப்பதோடு அதன் வேகமும் குறைகிறது. செங்குத்தான அதிர்வில் மனித உடல் மிகவும் வருந்துவது நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரையிலான வேகத்தில்தான் என்று ஐஎஸ்ஓ 2631 தரநிர்ணயம் கூறுகிறது. கனமான சக்கரம் தன் துடிப்பை அந்த எல்லையை நோக்கி இறக்கிக்கொண்டு போவதால்தான், பெரிய டயர் மாட்டிய வாகனத்தில் ஏதோ தளர்ந்துபோய் நடுங்குவது போன்ற உணர்வு எழுகிறது.

ஆகவே தேர்வு செய்பவர் தேட வேண்டியது இரண்டு: உயரமான, மசியக்கூடிய பக்கச்சுவர், கூடியவரை குறைந்த கனம். கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் இந்த இரண்டின் வழியாகவே செய்திருக்கிறேன்.

அளவுகளை எண்ணால் பார்ப்போம்

நடுத்தர அளவிலான பல நான்கு சக்கர இயக்க வாகனங்களில் வரும் 265/65 ஆர்17 என்ற அளவை அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இதன்படி பக்கச்சுவர் 172 மி.மீ., மொத்த விட்டம் 776 மி.மீ. இங்கிருந்து மேலே ஏறுவதற்கு மூன்று படிகள் வழக்கமாகப் பேசப்படுகின்றன.

முதல் படி 265/70 ஆர்17. விட்டம் ஏறக்குறைய 803 மி.மீ., பக்கச்சுவர் 185 மி.மீ. அகலம் மாறவில்லை, கூடியது முழுவதும் உயரம். வாகனத்தின் அடிப்பகுதி இதனால் உயர்வது விட்டத்தில் கூடியதன் பாதி, அதாவது சுமார் 13 மி.மீ. மட்டுமே. இதைப் படித்தவுடன் ஏமாற்றம் தோன்றலாம். ஆனால் சொகுசைக் கருதினால் கீழே கூடிய 13 மி.மீ. தரை இடைவெளியை விட, ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே கூடிய 13 மி.மீ. ரப்பரும் காற்றும் பெரிய ஆதாயம். பெரிய விட்டமுள்ள சக்கரம் பள்ளத்தின் விளிம்பைச் சற்றுத் தட்டையான கோணத்தில் சந்திக்கிறது என்பதும் இதோடு சேர்கிறது.

இரண்டாம் படி 255/75 ஆர்17. அகலம் ஒரு படி குறைந்து, பக்கச்சுவர் 191 மி.மீ. ஆகவும் விட்டம் 814 மி.மீ. ஆகவும் கூடுகின்றன. பலர் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, பார்வைக்கு மெலிந்திருக்கிறது என்பதே காரணம். எனக்கு இது மிகவும் பிடித்த அளவு. ஒடுக்கமான டயர் அதே விட்டமுள்ள அகலமான டயரை விடக் கனம் குறைந்தது, திரும்பும்போது மட்கார்டிலும் சேசிஸிலும் உரசும் வாய்ப்பும் குறைவு, சாலையின் தடங்களைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுப்பதும் குறைவு. காற்றைக் குறைத்தால் தரையில் பதியும் தடம் அகலமாவதை விட நீளமாகவே வளர்கிறது என்பதால், மணலிலும் இது அஞ்சுமளவுக்குப் பின்தங்குவதில்லை. ஒரே குறை, இந்த அளவில் கிடைக்கும் டயர்களில் பெரும்பாலானவை கனமான கட்டுமானத்திலேயே வருகின்றன என்பது. அந்தப் பிரச்சினைக்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

மூன்றாம் படி 285/70 ஆர்17. விட்டம் சுமார் 831 மி.மீ., பக்கச்சுவர் 200 மி.மீ.க்கு மயிரிழை குறைவு. எண்களை மட்டும் பார்த்தால் இதுவே மிகச் சொகுசாக இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி நேர்வதில்லை. இந்த அளவைப் பொருத்த, பல வாகனங்களில் சஸ்பென்ஷனை உயர்த்தவோ, உள் மட்கார்டை வெட்டவோ, வெளியே தள்ளி நிற்கும் ரிம்மை வாங்கவோ வேண்டியிருக்கும். இதற்குரிய ரிம் அகலம் குறைந்தது 7.5 அங்குலம்; தொழிற்சாலை ரிம் சரியாக அந்த அளவிலேயே இருந்தால் டயர் அதன் தாழ்ந்த எல்லையில் உட்காருகிறது, நடுப்பகுதி பிதுங்கி அங்கே மட்டும் விரைவாகத் தேயத் தொடங்கும். ரிம்மை வெளியே தள்ளினால், சாலையின் ஒவ்வோர் அடியும் ஸ்டியரிங் சுழலும் அச்சிலிருந்து கூடுதல் தொலைவில் விழுந்து, நெம்புகோல் போலக் கையை வந்து உலுக்கும். ஆக இந்தப் படியில் டயர் தரும் மென்மையை, அதைப் பொருத்துவதற்காகச் செய்த மாற்றங்களே திருப்பி எடுத்துக்கொள்கின்றன.

ரிம் ஒரு அங்குலம் இறங்கினால்

இதே ஒப்பீட்டில் பலர் மறந்துவிடும் வழி ஒன்று உண்டு: டயரைப் பெரிதாக்குவதற்கு முன் ரிம்மைச் சிறிதாக்குவது. 265/75 ஆர்16 என்ற டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 804 மி.மீ.; முதல் படியாகச் சொன்ன 265/70 ஆர்17-இன் விட்டமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பக்கச்சுவர் 185-இலிருந்து 199 மி.மீ. ஆகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சக்கரத்தின் உயரம் மாறவில்லை, கற்களைத் தாங்கும் மெத்தை மட்டும் தடித்திருக்கிறது. பதினெட்டு அங்குல ரிம்மோடு வந்த வாகனம் பதினேழுக்கு இறங்கும்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்: 265/60 ஆர்18-இன் பக்கச்சுவர் 159 மி.மீ. மட்டுமே, அதே உயரமுள்ள 265/65 ஆர்17-இல் அது 172 மி.மீ.

இதற்குத் தடையாக நிற்பது பிரேக். முன் சக்கரத்தின் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்வும் பகுதி) சிறிய ரிம்முக்குள் அடங்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே, அதே மாடலில் சிறிய ரிம்மோடு வரும் வகை ஏதேனும் உண்டா என்று பார்த்தும், ரிம்மைக் கையில் சுழற்றிப் பார்த்தும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அடங்குமானால், மாற்றத்துக்காகச் செலவிடும் ஒவ்வொரு காசுக்கும் இதைவிடக் கூடுதலான சொகுசைத் தரும் வழி எனக்குத் தெரியாது. கனமான இரும்பு ரிம்முக்குப் பதிலாக இலகுவான அலாய் ரிம்மை எடுத்தால், டயரில் கூடும் கனத்தில் ஒரு பகுதியை அங்கேயே மீட்டுவிடலாம்.

கட்டுமானம்: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

ஒரே அளவு, ஒரே பட்டன் வடிவம், ஒரே பெயர் கொண்ட டயர் இரண்டு வெவ்வேறு கட்டுமானங்களில் விற்கப்படுவது உண்டு. ஒன்று எஸ்எல் (வழக்கமான சுமை) அல்லது எக்ஸ்எல் (கூடுதல் சுமை) எனக் குறிக்கப்படும் சாதாரண வகை. மற்றொன்று அளவுக்கு முன்னால் எல்டி என்ற எழுத்துகளைத் தாங்கி வரும் இலகு ரகச் சரக்கு வாகன வகை. எல்டி வகைக்குள் சி, டி, ஈ என்று சுமைத் தரங்கள் உண்டு; இவை முறையே ஆறு, எட்டு, பத்து பிளை (இழை அடுக்கு) என்று கடைப்பேச்சில் வழங்குகின்றன. இன்றைய ரேடியல் டயரின் பக்கச்சுவரில் உண்மையிலேயே பத்து அடுக்குகள் இல்லை, இரண்டோ மூன்றோதான் இருக்கும். பழைய பருத்தி அடுக்குகளின் வலிமையோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் எண் அது. ஆனாலும் அந்தத் தரத்துக்கேற்ப இழைகள் தடித்து, ரப்பர் கூடி, டயரின் கனம் ஏறிவிடுகிறது. 265/70 ஆர்17 அளவிலேயே சாதாரண வகைக்கும் ஈ தரத்துக்கும் இடையே ஒரு சக்கரத்துக்கு மூன்று முதல் ஐந்து கிலோ வரை வேறுபாடு காணலாம். அந்தக் கனம் முழுவதும் சக்கரத்தின் வெளி விளிம்பில் சுழல்வதால், இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் அது இன்னும் பெரிய சுமையாகத் தோன்றும்.

கனத்தை விடவும் நுட்பமான சிக்கல் காற்றில் இருக்கிறது. எல்டி வகை டயர், அதே சுமையைத் தாங்க, சாதாரண வகையை விடக் கூடுதலான காற்றழுத்தத்தைக் கேட்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சி தரத்தின் உச்ச அழுத்தம் 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு), டி தரத்துக்கு 65, ஈ தரத்துக்கு 80. வாகனத்தின் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அழுத்தம் முதலில் வந்த டயருக்குரியது. எல்டி டயரில் அதே அழுத்தத்தை வைத்தால் சுமை தாங்கும் திறன் குறைந்து டயர் சூடாகும், டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணைப்படி உயர்த்தினால் டயர் இறுகிப் பயணம் கடினமாகும். ஆகவே ஈ தர டயரை மாட்டிக்கொண்டு, சொகுசுக்காகக் காற்றை மட்டும் குறைத்து ஓட்டுவது என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் அது ஆபத்து.

யாருக்கு எது தேவை என்பதை, டயரின் மேல் அளவுக்கு அடுத்து அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீட்டெண்ணே சொல்லிவிடும். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோவைத் தாங்கும், 115 என்றால் 1215, 121 என்றால் 1450. இரண்டேகால் டன் எடையுள்ள வாகனத்தில் நான்கு பேரும் முகாம் சாமான்களும் ஏறினாலும், பின் அச்சின் ஒரு சக்கரத்தில் விழும் சுமை ஆயிரம் கிலோவை எட்டுவது அரிது. அத்தகைய வாகனத்துக்குச் சாதாரண வகையே போதும், அது சொகுசாகவும் இருக்கும். கூரையில் கூடாரம், பின்னால் இழுவண்டி, உடலில் இரும்புக் காப்புகள், நாள்முழுவதும் கூர்ங்கற்களின் மேல் ஓட்டம் என்று பயன்படுத்துபவருக்கு எல்டி தேவை. அவருக்கும் பல வேளைகளில் சி தரம் போதும், ஈ வரை ஏற வேண்டிய கட்டாயம் குறைவே. பக்கச்சுவர் கிழிந்து நடுக்காட்டில் நிற்பதை விடக் குலுங்குவது மேல் என்று அவர் சொன்னால் அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆண்டில் நான்கு நாள் காட்டுக்குப் போகிறவர், மீதி நாட்கள் முழுவதும் அந்தத் தடித்த சுவரைச் சுமந்து ஏன் அதிர வேண்டும்?

பட்டன் வடிவம்

இதில் தயங்க வேண்டிய இடம் குறைவு. நெடுஞ்சாலை வகை அமைதியானது, சேற்றில் பயனற்றது. சேற்றுக்கான எம்டி வகையின் பட்டன்கள் பெரியவை, இடைவெளிகள் அகலமானவை. வேகத்தில் ஒவ்வொரு பட்டனும் சாலையை அறைவதும், இடைவெளியில் காற்று சிக்கி வெளியேறுவதும் சேர்ந்து இடைவிடாத ரீங்காரமாகக் கேட்கும், ஈரமான தார்ச்சாலையில் பிடிப்பும் குறையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள, எல்லாத் தரைக்குமான ஏடி வகையே சொகுசை விட்டுக்கொடுக்க விரும்பாதவருக்கு உரியது. அதிலும் பட்டன்களின் நீளத்தை வரிசையில் மாற்றி மாற்றி அமைத்திருக்கிறார்களா என்று டயரின் நடுப்பகுதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரே நீளமுள்ள பட்டன்கள் ஒரே சுருதியில் ஊளையிடும், மாறிவரும் நீளங்கள் அந்த ஒலியைப் பல சுருதிகளாகச் சிதறடித்துக் காதுக்கு மங்கலாக்கும். ஏடிக்கும் எம்டிக்கும் இடையில் இப்போது ஆர்டி என்றொரு வகையும் விற்கப்படுகிறது. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும் அதன் தோள்பட்டைப் பட்டன்கள் பயன்படும் இடங்கள் உண்டு, ஆயினும் அவற்றில் பல டயர்கள் எல்டி ஈ தரத்திலேயே வருகின்றன என்பதால் சொகுசைத் தேடுபவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

உயர்த்துவதா, விட்டுவிடுவதா

சஸ்பென்ஷனை உயர்த்தினால்தான் பெரிய டயர் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. முதல் படிக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. முன் சக்கரத்தை இருபுறமும் முழுவதும் ஒடித்து, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். உயர்த்தியே ஆக வேண்டும் என்றால், ஸ்பிரிங்கின் மேல் தகடு வைத்து உயர்த்தும் மலிவான முறையைத் தவிர்க்க வேண்டும். அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி, சக்கரம் கீழே இறங்குவதற்கு இருக்கும் தொலைவைத் தின்றுவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஷாக் அப்சார்பர் தன் எல்லையை முட்டி டக்கென்று ஒலிக்கும். முன்புறம் உயரும்போது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு குறைந்து வாகனம் நேர்கோட்டில் நிற்காமல் அலையவும் கூடும், அதை வீல் அலைன்மென்ட்டில் திருத்தியே ஆக வேண்டும். கடைகளில் கிடைக்கும் உயர்த்தும் தொகுப்புகளில் பல, முன்னால் இரும்புக் காப்பும் வின்ச்சும் (சிக்கிய வாகனத்தை இழுக்கும் கம்பிச் சுருள் இயந்திரம்) தாங்கும் வாகனத்துக்கென அமைந்த கடினமான ஸ்பிரிங்குகளோடு வருகின்றன; அந்தக் கனம் இல்லாத வாகனத்தில் அவற்றைப் போட்டால் எந்த டயராலும் அந்தக் கடினத்தை ஈடுகட்ட முடியாது.

இதற்கு மாறாக, உயரத்தைத் தொடாமல் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றுவது மிக நல்ல செலவு. கூடிய கனத்தோடு துள்ளும் சக்கரத்தை அடக்குவது அதன் வேலை. லட்சம் கிலோமீட்டர் ஓடித் தளர்ந்துபோன ஒன்று அந்த வேலையைச் செய்யாது, குறை மட்டும் புது டயரின் மேல் விழும்.

வேகமானியைப் பற்றி ஒரு சொல். முதல் படியில் விட்டம் 3.4 விழுக்காடு கூடுகிறது. வேகமானி 100 காட்டும்போது முன்பு ஓடியதை விட அந்த அளவுக்கு வேகமாக வாகனம் ஓடுகிறது. ஐநா விதி 39-இன்படி வேகமானி உண்மையான வேகத்தை விடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பதால், தொழிற்சாலையில் அதைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி அமைப்பது வழக்கம். சிறு மாற்றம் அந்த இடைவெளிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்றாம் படியின் ஏழு விழுக்காடு அடங்காமல் போகலாம், கியர்களும் அந்த அளவுக்கு நீண்டு மேட்டில் இழுவை தளரும். டயரின் அளவை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், காப்பீட்டு நிபந்தனைகளோடு சேர்த்து அதையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மாட்டிய பின்

சரியான டயரைத் தேர்ந்தெடுத்த பிறகும் அதைப் பொருத்தும் முறையில் சொகுசு கைநழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். என் வாகனத்தில் புது டயர்கள் மாட்டிய வாரத்தில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் மறுபடி செய்தும் அடங்கவில்லை. இறுதியில் ஒரு டயரை ரிம்மிலிருந்து கழற்றி, அதன் சிவப்புப் புள்ளியை ரிம்மின் தாழ்ந்த இடத்தைக் குறிக்கும் அடையாளத்தோடு பொருத்தி மாட்டியதும் நடுக்கம் நின்றது. டயரின் சுவரில் காணப்படும் சிவப்புப் புள்ளி, அது சாலையை மிக வலுவாக அழுத்தும் இடத்தைக் குறிக்கிறது. மஞ்சள் புள்ளி கனம் மிகக் குறைந்த இடத்தைக் குறிப்பதால் அதைக் காற்று நிரப்பும் வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம். பெரிய டயரில் இந்தச் சிறு பிசகுகள் பெரிதாகத் தெரியும், ஆகவே மாட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

காற்றழுத்தத்தை, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணை கேட்கும் அளவிலிருந்து தொடங்க வேண்டும். டயரின் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, தட்டையான தரையில் நேராகச் சிறிது தூரம் ஓட்டினால், கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. இன்னொரு சோதனையும் உதவும். குளிர்ந்த டயரில் 35 பிஎஸ்ஐ வைத்து ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிய பின் அளந்தால் 39 அளவில் இருக்க வேண்டும். நான்குக்கு மேல் ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறி மடிந்து சூடாகிறது, குளிர்ந்தபோது இன்னும் கொஞ்சம் காற்று வைத்திருக்க வேண்டும் என்று பொருள். ஏற்றம் மிகக் குறைவாக இருந்தால், அட்டவணை கேட்கும் கீழெல்லைக்குள் நின்றபடி ஓரிரு பிஎஸ்ஐ இறக்கிப் பார்க்கலாம். அந்த இரண்டு பிஎஸ்ஐ இருக்கையில் தெளிவாகத் தெரியும்.

தார்ச்சாலை முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் இறங்கி, காற்றை 25 அளவுக்குக் குறைத்துக்கொண்டு வேகத்தையும் குறைத்து ஓட்டிப் பார்த்தவர், அதற்குப் பின் குறைக்காமல் ஓட்டமாட்டார். மணலில் 15 முதல் 18 வரை இறக்கலாம். உயரமான, மசியும் பக்கச்சுவருக்காக இதுவரை சொன்ன எல்லாத் தேர்வுகளும் தம் முழுப் பலனைத் தருவது இங்கேதான். தடித்த ஈ தரச் சுவர் இதே அழுத்தத்திலும் விறைத்தே நிற்கும். திரும்பத் தார்ச்சாலையில் ஏறுமுன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும் என்பதால், நம்பகமான அளவுமானியும் சிறு கம்ப்ரஸரும் டயரோடு சேர்ந்த செலவுதான்.

ஸ்டெப்னியையும் கணக்கில் சேர்த்து ஐந்து டயர்களாக வாங்குவது என் பழக்கம். நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் வாகனத்தில், விட்டம் வேறுபட்ட பழைய ஸ்டெப்னியை மாட்டி நெடுந்தூரம் ஓட்டினால், முன், பின் அச்சுகளுக்கு ஆற்றலைப் பிரித்துத் தரும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடாகும். வாங்குவதற்கு முன், புதிய அளவு டயர் அதன் பழைய தொங்கலிலோ பின்கதவிலோ அடங்குகிறதா என்பதை ஒரு நாடாவால் அளந்துவிட வேண்டும். முதல் படி பெரும்பாலும் அடங்கும், மூன்றாம் படிக்கு அந்த இடத்தையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.